இரண்டு எஞ்சினுக்கும் ஒரே முகவரி

கடந்த டிசம்பர் விடுமுறையில் லண்டனிலிருந்து வந்த பெரிய மாமா, தம்பிக்கு ஒரு மாதிரிப் புகையிரதத் தொகுதியைக் கொண்டுவந்தார். ஹட்டன் குளிரில் வெளியே போக முடியாத ஒரு மாலையில், முன்னறையில் தண்டவாளத்தைப் பூட்டி இரண்டு எஞ்சின்களை வைத்தோம். தம்பி கட்டுப்பாட்டுக் கருவியில் 3 என்று அழுத்தி வேகக் குமிழைத் திருப்பினான். இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டன. ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நின்றது.

"மாமா, ஒன்னு பழுது போல" என்றான்.

"பழுதில்ல மகன். ரெண்டுக்கும் ஒரே அட்ரஸ் தானே ஈக்கிது" என்றார் மாமா.

விளையாட்டு எஞ்சினுக்கு எதற்கு முகவரி? அன்றிரவு மாமாவிடம் கேட்டும், செய்து பார்த்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பழைய வகை மாதிரிப் புகையிரதங்களில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் வோல்ற்றளவைக் கூட்டினால் எஞ்சின் வேகமாக ஓடும், குறைத்தால் மெதுவாகும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் ஓடும். டி.சி.சி. என்னும் இலக்கமுறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னும் இருக்கும். அந்த மின்னின் திசையை மிக விரைவாக மாற்றி மாற்றி, 1, 0 என்ற துவித எண்களாகக் கட்டளைகள் அனுப்பப்படுகின்றன. ஒரு திசையில் 58 மைக்ரோ செக்கன் நின்று, மறுதிசையிலும் அவ்வளவே நின்றால் அது 1. ஒவ்வொரு பக்கமும் சுமார் 100 மைக்ரோ செக்கனோ அதற்கு மேலோ நின்றால் அது 0. ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இம்முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் 1990களில் பொது நியமங்களை வகுத்தது.

எஞ்சினுக்குள் டிகோடர் என்ற சிறிய சுற்றுப் பலகை இருக்கிறது. பாதையில் வரும் எல்லாக் கட்டளைகளும் எல்லா டிகோடர்களுக்கும் கேட்கும். ஒவ்வொரு கட்டளையின் தொடக்கத்திலும் ஒரு முகவரி இருக்கும். அது தன்னுடையதானால் டிகோடர் கீழ்ப்படியும்; இல்லாவிட்டால் பேசாமல் இருக்கும். புதிய டிகோடர்கள் பொதுவாக 3 என்ற முகவரியோடுதான் வருகின்றன. எங்கள் வீட்டு இரண்டு எஞ்சின்களும் 3 என்ற அழைப்புக்கு ஓடியது அதனால்தான்.

முகவரியை மாற்றுவது கடினமல்ல. டிகோடரின் நினைவகத்தில் சி.வி. எனப்படும் இலக்கமிட்ட இடங்கள் உள்ளன. 1 முதல் 127 வரையான குறுகிய முகவரி சி.வி. 1இல் எழுதப்படுகிறது. அதற்கு மேற்பட்ட முகவரியைச் சி.வி. 17, சி.வி. 18 ஆகிய இரண்டிலும் பிரித்து எழுத வேண்டும்.

தம்பி தன் எஞ்சினுக்கு 570 வேண்டும் என்றான். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நமக்கு வழங்கிய எம்2 வகை எஞ்சின்களில் 'அல்பர்ட்டா' என்ற பெயருடையதன் இலக்கம் அது. கணக்கைப் பாருங்கள்: 570ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 58. ஈவுடன் 192ஐக் கூட்டினால் 194, அது சி.வி. 17க்கு. மீதி 58 சி.வி. 18க்கு. இறுதியாக, நீண்ட முகவரியைப் பயன்படுத்து என்று சொல்ல சி.வி. 29இன் பெறுமானத்துடன் 32ஐக் கூட்ட வேண்டும். எங்களுடையதில் 6 இருந்தது, 38 ஆக்கினோம். பல கருவிகள் இந்தக் கணக்கைத் தாமே செய்துவிடும். ஆனாலும் ஒருமுறை கையால் செய்து பார்த்தால்தான் விளங்கும்.

இதில் ஒரு முக்கியமான விதி உண்டு. முகவரியை எழுதும்போது, அதற்கென ஒதுக்கிய செய்நிரல் பாதையில் ஒரேயோர் எஞ்சின்தான் நிற்க வேண்டும். அங்கே அனுப்பும் கட்டளைக்கு முகவரி கிடையாது. நிற்கும் எல்லாமே அதை ஏற்றுக்கொள்ளும். நமது மலையகப் பாதையில் நிலைய அதிபர் சாரதியிடம் வளையத்தில் வைத்துக் கொடுக்கும் டெப்லட்டும் இது போன்ற ஒழுங்குதான்: அது கையில் உள்ள ஒரு புகையிரதம் மட்டுமே அடுத்த நிலையம் வரையான ஒற்றைப் பாதையில் போகலாம். முகவரி பதிந்ததும் எஞ்சின் மெல்ல ஒரு துடிப்புத் துடிக்கும். "விளங்கிக்கொண்டேன்" என்று டிகோடர் தரும் பதில் அது. பிறகு 570 என்று அழைத்தோம். ஒன்று மட்டும் புறப்பட்டது, மற்றது அசையவில்லை. தம்பி கைதட்டினான்.

விடுமுறை முடிந்து இந்தக் கதையைத் தனியார் வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் தோழியிடம் சொன்னேன். அவள் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வசிப்பவள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "எங்க லயத்துல எல்லாருமே மூணாம் நம்பர்தான்" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவளே சொன்னாள். லயக் காம்பிராக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லை. எல்லோருக்கும் தோட்டத்தின் பெயர்தான். கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் கிடைக்கும். அவளுடைய அக்காவுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் அங்கே மற்றக் கடிதங்களோடு கிடந்து, திகதி முடிந்து நான்கு நாட்களுக்குப் பிறகு கைக்கு வந்ததாம். பல தோட்டங்களில் இதே நிலைதான் என்றாள்.

எங்கள் எஞ்சின்களுக்கு முகவரி ஒன்றாக இருந்ததால் ஒரு கட்டளைக்கு இரண்டும் ஓடின. அவளுடைய லயத்தில் முகவரி ஒன்றாக இருப்பதால், வந்த அழைப்புக்கு உரியவர்கூடப் போக முடியவில்லை. தம்பியின் எஞ்சினுக்குச் சொந்த முகவரி கொடுக்க எங்களுக்கு அரை மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை. அவளுடைய தாத்தா பிறந்ததும் அதே லயத்தில்தான்.

அன்று மாலை வாப்பாவிடம் கேட்டேன். "அதுக்கென்ன மகள், கடை அட்ரஸப் போடச் சொல்லுங்க. கடிதம் வந்தா அன்னைக்கே குடுத்தனுப்பலாம்" என்றார். அடுத்த வாரம் ஒரு விண்ணப்பப் படிவத்தில் தோழி எங்கள் கடை முகவரியை எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. எழுதி முடித்து, "இது இரவல்தான், என்ன?" என்றாள்.

"ஓம், இரவல்தான்" என்றேன். வேறென்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.