மாதவிடாய் நின்ற பிறகு



சாராளுக்கு மாதவிடாய் நின்றுபோனதை ஆதியாகமம் 18ஆம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்லுகிறது. நாம்தான் பேசக் கூச்சப்படுகிறோம். போதகர்களாகிய நாங்கள் இன்னும் அதிகமாக.

பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் இது நிகழ்கிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் திடீரென்று உடம்பு அனலாய்க் கொதிக்கும், வியர்க்கும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். இது விசுவாசக் குறைவல்ல. தொல்லை மிகுந்தால் மருந்து உண்டு. எலும்பும் வலுவிழக்கும், கேழ்வரகு, பால், முள்ளோடு தின்னும் நெத்திலி, தினமும் நடை ஆகியவை நல்லது.

ஆனால், 12 மாதம் முழுவதும் நின்றபின் மறுபடியும் உதிரம் கண்டால், ஒரு துளியானாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். அநேகருக்குச் சாதாரணக் காரணமே இருக்கும். சிலருக்கோ அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

எங்கள் வார்டில் ஒரு தாயார் 8 மாதமாகத் துணியை மறைத்துத் துவைத்து வந்திருக்கிறார். "மகன்கிட்ட எப்படி ஐயா சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். அந்த மகன் வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார், விஷயம் தெரியாமல்.

உங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். ஆண்களும் கேட்கட்டும்.