கழிமுகத்தில் தூண்டிலோடு இறங்கும் பிள்ளைகளுக்கு

பஹாமாஸ், சீஷெல்ஸ், மாலத்தீவு என்று பல இடங்களில் முழங்கால் ஆழக் கடலில் நின்று ஃப்ளை தூண்டில் வீசுவதற்காக விடுதிகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நம் பக்கம் இதைப் பழக முடியுமா என்று நெல்லைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். முடியும். பொதிகையில் பிறந்த தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. அங்கே மணல்திட்டும் சேறும் அலையாத்தியுமாக ஆழமில்லாத தண்ணீர் விரிந்து கிடக்கிறது. விடுதி கிடையாது. தூத்துக்குடியிலோ திருச்செந்தூரிலோ அறை எடுத்துக்கொண்டு விடியும் முன் கிளம்புங்கள்.

1. முதல் நாள் ராடைத் தொடாதீர்கள். ஊர்க்கமிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு வள்ளக்கார அண்ணாச்சியோடு சும்மா சுற்றி வாருங்கள். ஆழமில்லாத தண்ணீரில் மீன் பிடிப்பது முக்கால்வாசி கண்ணின் வேலை. தண்ணீர் மேல் ஒரு கீறல், மணலில் நகரும் ஒரு நிழல், மடவைக் கூட்டம் திடீரென்று துள்ளிச் சிதறுவது, இவற்றையெல்லாம் அவர் நமக்கு முன்பே பார்த்துவிடுவார். எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். வீசுவதைத் தென்னந்தோப்பிலோ மொட்டை மாடியிலோ பழகிக்கொள்ளலாம். பார்ப்பதைத் தண்ணீரில்தான் பழக வேண்டும்.

2. வெயிலை முதுகில் வாங்குங்கள். நம் கடல் கிழக்கே இருப்பதால் காலையில் கடலைப் பார்த்து நின்றால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. காலையில் கரைப்பக்கம் பார்த்துத் தேடுங்கள். உச்சி சாய்ந்த பிறகு கடல்பக்கம் திரும்புங்கள். போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். ராடுக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் குறைத்தாவது நல்ல கண்ணாடி வாங்குங்கள்.

3. காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த பொய் இரை. அதற்கு எடையே கிடையாது. கனமான லைன்தான் அதைக் கொண்டுபோய்ப் போடுகிறது, அந்த லைனைக் காற்று தன் இஷ்டத்துக்கு இழுக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பேயாக வீசும். பழகாதவர்கள் அந்த மாதங்களில் வர வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்து தண்ணீர் கலங்கிவிடும். தை முதல் பங்குனி வரை பழக ஏற்ற காலம் என்பது என் கணிப்பு. கடலைப் பார்த்து நிற்கும் வலதுகைக்காரருக்குத் தெற்கிலிருந்து வரும் சோழகம் வலப்பக்கம் அடிக்கும். அது லைனை உங்கள் மேலேயே தள்ளும். முள் காதில் ஏறுவது பெரும்பாலும் அப்படித்தான். அந்தக் காற்றில் ராடை இடது தோளுக்கு மேல் சாய்த்து வீசுங்கள், அல்லது கரையைப் பார்த்துத் திரும்பி நின்று பின்வீச்சில் ஃப்ளையைப் போடுங்கள். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் எப்போதும் வேண்டும்.

4. மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட வராது. அதனால் ஓதம் முக்கியமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாலு விரல்கடை தண்ணீர் கூடினாலே திட்டின் மேல் மீன் ஏறிவிடும், குறைந்தால் போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஓட்டம் வலுக்கும். தண்ணீர் ஏறும்போது அலையாத்தி ஓரம், வற்றும்போது ஓடை வாய். இந்த இரண்டு இடத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

5. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். மிதித்தால் வால்முள்ளை ஏற்றிவிடும். பட்டுவிட்டால் காலைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவது இதற்காகத்தான்.

6. தொடக்கத்துக்கு எட்டாம் எண் ராடு போதும். பெரிய பாரைக்குப் பன்னிரண்டாம் எண் வேண்டும். அந்த ஆசை பிறகு.

7. கொடுவாவைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அது ஆணாகவே முதிர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். முட்டையிட உப்புத்தண்ணீர் வேண்டும் என்பதால் ஆற்றிலிருந்து முகத்துவாரத்துக்கு இறங்கி வரும். எனவே பெரிய கொடுவா அநேகமாகப் பெண்தான். ஒரு பெரிய மீனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டுச் சாகவிட்டால் லட்சக்கணக்கான முட்டைகள் போயின. முள்ளில் இருக்கும் எதிர்முனையைக் குறட்டால் அமுக்கி மட்டமாக்கிவிடுங்கள், கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே விடுவிக்க முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. பால்மீன் பாசி தின்னும். அதற்கு இறால் போலக் கட்டிய ஃப்ளையை எத்தனை தடவை காட்டினாலும் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. சீஷெல்ஸில் பாசி போலப் பச்சை நாரில் கட்டிக் காட்டுகிறார்கள். இங்கேயும் செய்து பாருங்கள்.

8. எல்லை தெரிந்து நில்லுங்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு, காசுவார் முதலியவை 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அந்தப் பவளத்திட்டு படத்தில் பார்த்த மாலத்தீவு போலவே இருக்கும். அங்கே தூண்டில் கூடாது. அதேபோல், 1873-இல் ஹென்றி சல்லிவன் தாமஸ் எழுதிய ‘தி ராட் இன் இந்தியா’வைப் படித்துவிட்டு மகசீர் தேடி மேலே போகாதீர்கள். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். படித்துறை மீன்களோ பக்தர்கள் பொரி போட்டு வளர்ப்பவை.

9. வீச்சுவலைக்காரர் வந்தால் லைனைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்குங்கள். நமக்கு அது விடுமுறை, அவருக்கு அன்றைய சோறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் இந்தக் கரைக்காரர்கள் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. வள்ளக் கூலியை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், பேரம் வேண்டாம். ஒரு மீன்கூடப் படாத நாளுக்கும் அதே கூலி.