பல முகவரியும் ஒரு மேசையும்

ஒருவருக்கு ஒரு முகவரி என்னும் நிலை மின்னஞ்சல் உலகில் நெடுநாள் நீடிக்கவில்லை. இன்று கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குக் கல்லூரி அளித்த முகவரி, சொந்த முகவரி, துறையின் பொது முகவரி என மூன்றேனும் உள. அவற்றைத் தனித்தனியே திறந்து பார்த்துக் களைப்பதைவிட, மேசைக் கணிப்பொறியில் ஒரே மென்பொருளுக்குள் அனைத்தையும் வரவழைத்துக்கொள்வது எளிது. அங்ஙனம் செய்வோர் அறிந்திருக்க வேண்டிய அடிப்படை ஒன்றனை ஈண்டு விரித்துரைக்க விழைகிறோம்.

இத்தகைய மென்பொருள்களுள் முற்பட்டுப் புகழ்பெற்றது யூடோரா. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1988இல் ஸ்டீவ் டார்னர் அதனை உருவாக்கினார். அஞ்சலகத்திலேயே குடியேறிவிடும் பெண்ணொருத்தியைப் பற்றிச் சிறுகதை எழுதிய யூடோரா வெல்டியின் பெயரையே அதற்குச் சூட்டினார். கணிப்பொறியார் சிறுகதை படித்திருந்தார் என்பது தமிழ்த்துறையினராகிய நமக்கு உவப்பான செய்தி! இக்கட்டுரைக்கு நாம் சான்றாகக் கொள்வது தண்டர்பேர்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் இதன் முதற்பதிப்பு வெளிவந்தது. இதனைக் கட்டணமின்றிப் பெறலாம்.

பெயர், முகவரி, கடவுச்சொல் ஆகியவற்றைத் தந்தால் பெரும்பாலான கணக்குகள் தாமே அமைந்துவிடும். ஜிமெயில் கணக்காயின் கூகிளின் நுழைவுச் சாளரம் தனியே திறக்கும். அதில் இசைவளிக்க வேண்டும். அமைக்கும் வேளையில் பாப், ஐமேப் என்னும் இரு முறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டி வரும். பலரும் படியாமலே கடந்துவிடும் இடம் இதுவே.

பாப் 1984இல் தோன்றியது. அஞ்சலகப் பெட்டியிலுள்ள கடிதங்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவதை ஒத்தது அது. வழங்கிக் கணிப்பொறியில் படியை விட்டுவைக்குமாறு குறித்தாலன்றி, மடல் நம் பொறியில் மட்டுமே எஞ்சும். ஐமேப் முறையை 1986இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வகுத்தார். இதில் கடிதங்கள் அஞ்சலகத்திலேயே இருக்கும். நாம் எங்கிருந்து நோக்கினும் அதே பெட்டியே தோன்றும். இங்கே படித்த மடல் கைப்பேசியிலும் படித்ததாகவே காணப்படும்.

இவ்வேறுபாட்டை நாம் பட்டே அறிந்தோம். நமது பொறியில் மூன்று கணக்குகள் இருந்தன. இரண்டு ஐமேப், பழையதாகிய ஒன்று மட்டும் பாப். ஒருநாள் வன்தட்டு பழுதாயிற்று. புதுப்பொறியில் கடவுச்சொல்லை இட்டதும் ஐமேப் கணக்குகள் இரண்டும் பழைய மடல்களுடன் மீண்டன. மூன்றாவதில் ஒரு மடலும் இல்லை. ஆய்வு மாணவர் ஒருவர் ஓராண்டாகத் திருத்தித் திருத்தி அனுப்பிய இயல்களும், அவற்றுக்கு நாம் எழுதிய குறிப்புகளும் அதிலேயே இருந்தன. இயல்களின் படிகள் மாணவரிடம் இருந்தமையால் ஆய்வேடு பிழைத்தது. நம் குறிப்புகளுட் பல மீளவேயில்லை.

ஆயின் ஐமேப் முறையே காப்பு என்று கருதுவதும் பிழை. இங்கே அழித்தது அங்கேயும் அழியும். வேறொரு கருவியில் எவரேனும் அழித்தால் இங்கேயும் மறையும். ஆகவே இன்றியமையா மடல்களைத் தண்டர்பேர்டின் உள்ளகக் கோப்புறையில் படியெடுத்து வைத்து, அக்கோப்புகளை வேறொரு தட்டிலும் பதிந்துகொள்கிறோம். திங்களுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

எல்லாக் கணக்கின் வரவையும் ஒரே பட்டியலாகக் காட்டும் வசதி இனியது, இடருமுடையது. எம்மடல் எம்முகவரிக்கு வந்தது என்பது அதில் எளிதில் புலப்படாது. விடையெழுதுகையில் அனுப்புநர் வரியைக் கட்டாயம் நோக்க வேண்டும். துறையின் பெயரால் செல்லவேண்டிய அழைப்பைச் சொந்த முகவரியிலிருந்து பெரியவர் ஒருவருக்கு அனுப்பிவிட்டு நாணியதுண்டு. அதன்பின் துறைக்கணக்குக்கு மட்டும் கையொப்பத்தில் துறைப்பெயரைப் பெரிய எழுத்தில் அமைத்தோம். எழுதத் தொடங்கும்போதே அது கண்ணில் படும். படாவிடில் வேறு கணக்கு என்று அறியலாம்.

துறை அறையின் பொதுக் கணிப்பொறியில் இவ்வாறு அமைப்போர் மற்றொன்றையும் நினைக்க வேண்டும். கடவுச்சொற்களை மென்பொருள் நினைவில் வைத்திருந்தால், அதனைத் திறக்கும் எவரும் அனைவர் மடலையும் படிக்க இயலும். அங்கே துறைக்கணக்கை மட்டும் இருத்துவதே தக்கது. முன்பே சொந்தக் கணக்கைச் சேர்த்தவர், அதனை நீக்கும்போது பொறியில் தங்கியுள்ள மடல்களையும் உடன் நீக்குமாறு குறியிட வேண்டும். அது பாப் கணக்காயின், குறியிடுமுன் படியெடுத்துக்கொள்க.