தோலுரிக்கும் கத்தி: தேர்வும் பராமரிப்பும்

உடுமலைப் பக்கத்தில் ஒரு சங்கத்தின் புத்தகங்களைப் பரிசீலித்துக்கொண்டிருந்த அன்று, இளைஞரான அங்கத்தினர் ஒருவர் அருகில் வந்து, "ஐயா, மான் உரிப்பதற்கு எந்தக் கத்தி உத்தமம்?" என்று வினவினார். வெளிநாட்டு வேட்டைக் கத்தியொன்றின் விளம்பரப் படத்தை அவர் பார்த்திருந்தாராம். நான் முதலில் சட்டத்தையே சொன்னேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் மானை வேட்டையாடுவது குற்றமாகும். காட்டோரத்தில் தானாக இறந்து கிடக்கும் மானும் அரசாங்கத்தின் சொத்தே. அது ஒருவர் கைக்கு வந்துவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திலோ, அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவித்தாக வேண்டும். ஆனைமலைக் காடுகள் நமது வயல்களின் எல்லை வரை வந்து நிற்பதால், இதனை நம்மவர் எல்லோரும் அறிந்திருத்தல் அவசியம்.

ஆயினும் அவர் கேட்ட கேள்வி வீணான கேள்வியன்று. மானுக்குப் பொருந்துங் கத்தி ஆட்டுக்கும் பொருந்தும்; ஆடு வளர்க்கும் நம் அங்கத்தினர் பலருக்குத் தோலின் விலை கத்தியின் வாயில்தான் இருக்கிறது.

காதர்பேட்டையில் சரக்கெடுக்க வரும் வெளியூர் வியாபாரி, பனியன் துணியை வெளிச்சத்திற்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பதை நெசவாள நண்பர்கள் தினந்தோறும் காண்கிறார்கள். ஓர் ஊசி பழுதானதால் விழுந்த கோடு, ஒரு சிறு பொத்தல், இவை போதும், முதல் தரம் இரண்டாந் தரமாகிவிடும். துணிக்கு ஆன செலவோ இரண்டிற்கும் ஒன்றுதான். தோலுக்கும் இதே நியாயம். ஆனால் துணியின் குறையைத் தறியிலோ இயந்திரத்திலோ அன்றே கண்டுகொள்ளலாம். தோலில் கத்தி பாதி ஆழம் மட்டும் கீறிய வடு, பச்சைத் தோலில் எளிதில் புலப்படாது. பதனிட்டு, சீவி, மெல்லியதாக்கிய பின்னரே அது கோடாகத் தலைகாட்டும். இழுத்தால் அவ்விடத்தில் கிழியும். ஆதலால் அனுபவமுள்ள தோல் வியாபாரி, ஓர் ஊரின் தோல்களில் இரண்டு முறை இவ்வடுவைக் கண்டால், மூன்றாம் முறை அவ்வூர்த் தோல் முழுவதற்குமே விலையைக் குறைத்துவிடுகிறார். ஒருவர் கைத்தவறு அவ்வூரார் எல்லோருடைய நஷ்டமாகிறது.

சேலம், ஈரோடு, நாமக்கல், தர்மபுரி மாவட்டங்களின் மேச்சேரிச் செம்மறியாடு தோலின் தரத்திற்காகவே பெயர் பெற்றது. இந்த இனத்திற்கென்று 1978-ல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஆவாரம் பட்டையால் பதனிட்ட சென்னை ராஜதானித் தோல்கள் ஒரு காலத்தில் லண்டன் சந்தையில் மதிப்புப் பெற்றிருந்தன. இன்றும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு ஆகிய இடங்களில் பதனிடுந் தொழில் நடைபெறுகிறது. இயற்கை இவ்வளவு நல்ல தோலைத் தந்திருக்க, உரிக்கும்போது நாம் அதனைக் கெடுத்துக்கொள்வது பரிதாபம்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். ஆடு வளர்ப்போர் சங்கமொன்றில், செயலாளர் நல்லெண்ணத்துடன் நகரத்துக்குச் சென்று, "வேட்டைக் கத்தி" என்று விற்கப்பட்ட பளபளப்பான கத்திகளை வாங்கி வந்திருந்தார். எலும்புப் பிடி, முதுகில் ரம்பப் பற்கள், ஊசிபோன்ற முனை, விலையும் அதிகம். அடுத்த முறை தோல்களை விற்றபோது பொத்தலானவையென்று ஒதுக்கப்பட்டவை முன்னைவிட மிகுந்தன. தொழிலாளியைத்தான் எல்லோருங் குறை கூறினர். கத்தியை எடுத்துப் பார்த்த நான், அதன் முனையின்மேல் விரலை வைத்தவுடன் காரணத்தை அறிந்தேன். அந்த முனை குத்துவதற்கு ஆனது, உரிப்பதற்கு ஆனதன்று.

கத்தியை வாங்கும்போது முதலில் நோக்க வேண்டியது முனையே. உரிப்பதில் இரு வேலைகள் உள்ளன. முதலாவது, தோலை நேர்க்கோட்டிற் கீறித் திறப்பது. இரண்டாவது, தோலைச் சதையிலிருந்து பிரிப்பது. திறப்பதற்கு ஐந்து அங்குல நீளமுள்ள, குறுகிய, கூரிய முனையுடைய கத்தி தேவை. பிரிப்பதற்கு அகன்ற அலகும், மேல்நோக்கி வளைந்த வாயும், மழுங்கி உருண்ட முனையும் உடைய கத்தி தேவை. வளைந்த வாய் ஒரு சமயத்தில் தோலைச் சிறிதளவே தொடுவதால், கை தவறினாலும் ஆழமாக இறங்குவதில்லை. ஆட்டிற்கு ஐந்து அங்குலமும், மாட்டிற்கு ஆறு அங்குலமும் அளவானவை. ஒரே கத்தியால் இரண்டையுஞ் செய்ய விரும்புவோருக்கு அமெரிக்கக் கத்தித் தொழிலாளி பாப் லவ்லெஸ் பிரபலப்படுத்திய வடிவம் உதவும். அதில் முதுகு முனையை நோக்கித் தாழ்ந்து வருவதால், குடலைக் குத்தாமல் வயிற்றைத் திறக்கலாம். மான் வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் இவ்வடிவையே பலர் விரும்புகின்றனர்.

திருப்பாச்சேத்தி அரிவாளின் புகழ் யாவரும் அறிந்ததே. அது வெட்டுவதற்கானது, அதனாற் கீறுவோரின் துணிச்சலை என்னென்பது!

அடுத்தது எஃகு. துருப்பிடிக்காத எஃகு சுத்தத்திற்கு ஏற்றது. ஆனால் மலிவான வகை விரைவில் மழுங்கும். நமது ஊர்க் கொல்லர் லாரியின் பழைய வில்பட்டையிலிருந்து அடித்துத் தரும் கத்தியை நான் தாழ்வாக எண்ணவில்லை. அந்தப் பட்டையில் ஏறக்குறைய நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி கலந்திருப்பதால், காய்ச்சி எண்ணெயில் தோய்த்துப் பின் இளஞ்சூட்டிற் பதப்படுத்தினால் வாய் நன்றாக நிற்கும். ஆனால் வேலை முடிந்தவுடன் கழுவித் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துரு ஏறிவிடும். மிகக் கடினமான எஃகும் வேண்டாம். உள்ளூர்க் கல்லில் தீட்ட முடியாத கத்தியால் என்ன பயன்? பிடி ஈரத்தில் வழுக்காததாகவும், இடுக்கில் இரத்தம் தங்காததாகவும் இருத்தல் வேண்டும். மரப்பிடி கைக்கு இதமாயினும் வெடித்தால் கிருமிகளுக்கு இருப்பிடமாகும். இறைச்சிக் கூடங்களில் இதனாலேயே வார்த்த பிளாஸ்டிக் பிடியை விரும்புகின்றனர்.

மழுங்கிய கத்தி பத்திரமானதென்று நினைப்பவர் உளர். உண்மை நேர்மாறானது. மழுங்கிய கத்திக்கு அழுத்தம் வேண்டும். அழுத்தும் கை வழுவும். வழுவினால் தோலும் போகும், விரலும் போகும். கல்லில் வைக்கும்போது அலகின் ஒவ்வொரு பக்கமும் இருபது பாகைச் சாய்வில் சீராகத் தீட்டி, வேலையின் நடுவே தீட்டுங்கோலில் இரண்டொரு முறை இழுத்துக்கொண்டால் போதும்.

இனி வேலை முறை. தொங்கவிட்ட ஆட்டின் தோலில் ஒரு சிறு துளையிட்டு, கத்தியின் வாயை வெளிப்புறம் நோக்கித் திருப்பி, உள்ளிருந்து வெளியே கீற வேண்டும். இதனால் மயிர் அறுபட்டு இறைச்சியில் ஒட்டுவதில்லை. கழுத்திலிருந்து வால் வரை வயிற்றின் நடுக்கோடு, பின் கால்களின் உட்புறம். இக்கோடுகள் கோணினால் தோலின் உருவமே கெட்டுச் சதுரப் பரப்புக் குறையும். அதன்பின் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும்! ஆட்டுத் தோலை முஷ்டியால் தள்ளியே பிரிக்கலாம். விலா முடியும் இடத்தில் தோல் மிக மெல்லியதாதலால் அங்கே கத்தியை நீட்டவே கூடாது. வாயினால் ஊதித் தோலைக் கிளப்பும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. இறைச்சியின் சுத்தத்தைக் கருதி அதனை விட்டுவிடுவது நல்லது.

உரித்த தோலை நமது வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்திற்கு மேல் சும்மா போட்டு வைக்கலாகாது. தோலின் எடையில் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது பங்கு உப்பைச் சதைப் பக்கத்தில், ஓரங்களை விடாமல் தேய்த்து, நீர் வடியும்படி சாய்வான தரையில் அடுக்க வேண்டும்.

மிக முக்கியமான எச்சரிக்கையொன்று உண்டு. திடீரென்று இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த இரத்தம் வடிந்து கிடக்கும் பிராணியின்மேல் எந்தக் கத்தியையும் வைக்கலாகாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். உரிப்பவனின் கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே அது மனிதனைப் பற்றும். அந்நோயின் வித்துகள் மண்ணிலே பல்லாண்டு உயிருடன் கிடக்கும். அவ்வுடலைத் திறவாமலே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரு தோலின் விலைக்கு ஓர் உயிர் ஈடாகாது. 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் சினையாட்டையும், மூன்று மாதத்திற்குட்பட்ட குட்டியையும், அத்தகைய குட்டியின் தாயையும் அறுக்கலாகாதென விதிக்கின்றன; மருத்துவர் தகுதிச் சான்று அளிக்காத பிராணியையும் அறுக்கலாகாது.

மேலே சொன்ன சங்கத்தார், வேட்டைக் கத்திகளை ஒரு பெட்டியிற் போட்டுவிட்டு, கொல்லரிடம் உருண்ட முனைக் கத்திகளையும், பொதுவில் ஒரு தீட்டுங்கல்லையும் சங்க நிதியிலிருந்து வாங்கினர். அக்கல் சங்கக் கட்டடத்துத் திண்ணையிற் கிடக்கிறது. வெள்ளி மாலையில் அதனருகே முறைக்காகக் காத்திருப்போரை நான் பார்த்திருக்கிறேன்.