சிரிக்க வைப்பவன் காதலிக்கும்போது

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய ஐந்து எபிசோடுகளையும் படித்து முடித்துவிட்டேன். முதல் இரண்டிலும் பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். தண்ணீர் லாரி வந்ததும் நண்பர்கள் நால்வரும் குடத்தோடு மாடிப்படியில் முட்டிக்கொள்ளும் காட்சியில் ஒரு வரியையும் தொடாதே. மூன்றாவது எபிசோடில் உன் நாயகனுக்குக் காதல் வருகிறது. வந்த கையோடு எல்லாம் மாறிவிடுகிறது. மொட்டைமாடி, நிலா வெளிச்சம், இரண்டு பக்க வசனம். கூடவே இருந்த நண்பர்கள் அந்த எபிசோடு முழுக்க எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. அதுவரை அடுத்தவர் குரலில் பேசிக் காட்டியே எல்லோரையும் சிரிக்க வைத்தவன், காதலிக்கத் தொடங்கியதும் வேறு யாரோ ஒருவனாகிவிடுகிறான்.

காமெடி எத்தனை சதவீதம், காதல் எத்தனை சதவீதம் வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். சேனல் அலுவலகங்களிலும் இந்தக் கணக்கைக் கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வந்ததே இல்லை. நண்பர்கள் கூட்டத்தைப் பற்றிய கதையில் இரண்டையும் தனித்தனியாக அளந்து ஊற்ற முடியாது. ஒருவன் எந்தக் குணத்தால் நம்மைச் சிரிக்க வைக்கிறானோ, அதே குணம்தான் அவன் காதலுக்குக் குறுக்கே நிற்க வேண்டும். அவன் காதலைச் சொல்ல வழிவிடுவதும் அதுவாகவே இருக்க வேண்டும். நாம் இருவரும் திரும்பத் திரும்பப் பார்த்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரை வைத்தே சொல்கிறேன்.

மார்த்தா காஃப்மனும் டேவிட் கிரேனும் உருவாக்கிய அந்தத் தொடர் 1994 செப்டம்பரில் என்.பி.சி.யில் தொடங்கி 2004 மே மாதம் முடிந்தது. பத்து சீசன், 236 எபிசோடு. ராஸ், அவன் தங்கை மோனிகா, ரேச்சல், சாண்ட்லர், ஜோயி, ஃபீபி என்று ஆறு நண்பர்கள். விளம்பரம் போக ஒவ்வொன்றும் இருபத்திரண்டு நிமிடம் போல. அதற்குள் இரண்டு மூன்று கதைகள் ஓடும். பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்துப் படம் பிடித்தார்கள். ஒரு வரிக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடி வேறு வரி எழுதிக் கொடுப்பார்கள். சிரிப்புக்கு அவ்வளவு கண்டிப்பாகக் கணக்குப் பார்த்த இடத்தில்தான், யாரும் சிரிக்காத சில நிமிடங்களையும் துணிந்து வைத்தார்கள்.

ராஸும் ரேச்சலும் முதன்முதலாக முத்தமிடுவது 1995 நவம்பரில். அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பார். காபிக்கடையில் இருவருக்கும் பெரிய சண்டை. அவன் வெளியே போய்விடுகிறான். அவள் கதவைப் பூட்டிவிட்டு உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான். ஓடிப்போய்த் திறக்கிறாள், கதவு வரவில்லை. இழுக்கிறாள், திருகுகிறாள், ம்ஹூம். கீழே இருக்கும் தாழ்ப்பாளைப் பார் என்று அவன் வெளியிலிருந்து சொல்கிறான். திறக்கிறது. முத்தம். அந்தத் தாழ்ப்பாள் இல்லாவிட்டாலும் முத்தம் நடந்திருக்கும். ஆனால் அந்தச் சின்னத் தடங்கலில் பார்க்கிறவர்களும் கதவை இழுக்கிறார்கள். முத்தத்துக்கு ஒரு மூச்சு முன்னால் வைத்த சிரிப்பு அது. நீ மொட்டைமாடிக் காட்சியில் காதலைச் சொன்ன மறு நொடியே ஒரு நகைச்சுவை வசனம் வைத்திருக்கிறாய். அது உன் பயம், தம்பி. மௌனத்தைக் கண்டால் உனக்குக் கை நடுங்குகிறது. முன்னால் வை, அல்லது நன்றாகக் காத்திருந்து வை.

பின்னால் வைப்பது எப்படி என்று 1996 பிப்ரவரியில் வந்த பள்ளிக்கால வீடியோ எபிசோடு காட்டும். பழைய வீடியோவை எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ரேச்சலின் பழைய மூக்கு, ராஸின் மீசை, எல்லாவற்றுக்கும் சிரிப்பு. விருந்துக்கு ரேச்சலை அழைத்துப்போக வேண்டியவன் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் சொல்லி, அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் பூவோடு ராஸ் மாடியிலிருந்து இறங்குகிறான். அதற்குள் வர வேண்டியவன் வந்து அவளைக் கூட்டிப் போய்விடுகிறான். கேமரா ராஸையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அறையில் யாரும் பேசவில்லை. ரேச்சல் எழுந்து, அறையைக் குறுக்காகக் கடந்து போய் அவனை முத்தமிடுகிறாள். அதற்குப் பிறகுதான் ஃபீபியின் குரல், சிங்கி இறாலைப் பற்றி அவள் முன்பு சொன்ன பேச்சை நினைவூட்டி. சிங்கி இறால் ஆயுளுக்கும் ஒரே துணையோடு வாழும் என்பது அவள் கொள்கை. காதலர்கள் இருவருமே அங்கே வாய் திறக்கவில்லை. சிரிப்பு மூன்றாமவர் வாயில் இருந்து வருகிறது. அதனால் முத்தத்தின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. அதே எபிசோடில் ஜோயி சாண்ட்லருக்குக் கைச்சங்கிலி வாங்கிக் கொடுக்கும் கதையும் ஓடுகிறது என்பதை மறந்துவிடாதே. நட்புக்கும் அங்கே இடம் இருக்கிறது.

ஒருவரையொருவர் பிரியும் எபிசோடையும் சொல்ல வேண்டும். 1997 பிப்ரவரியில் வந்தது. வரவேற்பறையில் ராஸும் ரேச்சலும் விடிய விடியச் சண்டை போடுகிறார்கள். மற்ற நால்வரும் மோனிகாவின் படுக்கையறையில் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் கிடக்கிறார்கள். பசி தாங்காமல், காலில் முடி எடுக்கும் மெழுகைத் தின்னலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் அந்த அபத்தம், அந்தப் பக்கம் ஒரு உறவு சாகிறது. நேரம் ஆக ஆக உள்ளே இருக்கிறவர்களின் வேடிக்கையும் அடங்குகிறது. அவர்களும் காது கொடுத்துக் கேட்கத் தொடங்குகிறார்கள். ஒரு ஜோடி பிரிந்தால் அது இரண்டு பேரின் துக்கம் மட்டும்தானா? நண்பர்கள் கதையில் ஆறு பேரின் வீடும் உடைகிறது. உன் கதையில் நண்பர்கள் மூவரையும் நீ காணாமல் ஆக்கிவிட்டதால் இந்த வலி வர வழியே இல்லாமல் போயிற்று.

இனி சாண்ட்லர். உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இவனைப் பற்றித்தான்.

சாண்ட்லர் ஏன் எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிறான் என்று முதல் சீசனிலேயே சொல்லிவிட்டார்கள். நன்றி கூறும் நாள் விருந்தில், அவன் ஒன்பது வயதுப் பையனாக இருந்தபோது, பெற்றோர் பிரியப் போவதை அறிவித்தார்கள். அன்றிலிருந்து வலி வரும் இடத்தில் அவன் சிரிப்பை வைக்கிறான். நமக்கு அது வேடிக்கை, அவனுக்குக் கவசம். அப்படிப்பட்டவன் 1998 மே மாதம் லண்டனில் மோனிகாவோடு ஒரே படுக்கையில் இருந்தான். போர்வைக்குள்ளிருந்து அவள் தலை வெளியே வந்ததும் எதிரே இருந்த கூட்டம் போட்ட கூச்சல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு நாள் கூத்தாக நினைத்து எழுதியதை நீண்ட காதலாக்கலாம் என்ற துணிவு எழுதியவர்களுக்கு வந்ததில் அந்தக் கூச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் அவசரப்படவில்லை. மாதக்கணக்கில் அந்தக் காதலை ரகசியமாகவே வைத்தார்கள். ரகசியம் வைத்தால் சிரிப்புக்குத் தனியாக உழைக்க வேண்டியதில்லை. முதலில் தெரிந்துகொண்ட ஜோயி, இவர்களைக் காப்பாற்ற எல்லா அவமானத்தையும் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். காதல் இருவருடையது, பாடு மூன்றாமவனுடையது. பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டே அந்தக் காதலை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

1999 பிப்ரவரியில் எல்லோருக்கும் தெரிந்துபோகும் எபிசோடு வந்தது. அலெக்ஸா ஜங் எழுதியது. எதிர்வீட்டு ஜன்னல் வழியாக ஃபீபி பார்த்துவிடுகிறாள். நேரே போய்க் கேட்காமல், விளையாடிப் பார்க்கலாம் என்று சாண்ட்லரை மயக்குவதுபோல் நடிக்கிறாள். ஃபீபிக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பது காதலர்களுக்கும் தெரிந்துபோக, சாண்ட்லரும் பதிலுக்கு நடிக்கிறான். யார் முதலில் தோற்பது என்று போட்டி. மோனிகாவுக்கு எதிலும் தோற்கப் பிடிக்காது என்பது முதல் சீசனிலிருந்தே நமக்குத் தெரியும். அவளே தன் காதலனைத் தள்ளிவிட்டு, குளியலறைக்குள் ஒளிந்துகொள்கிறாள். ஃபீபியும் சாண்ட்லரும் பிடிக்காத மருந்தைக் குடிக்கப் போகிறவர்கள்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நெருங்குகிறார்கள். கூட்டம் சிரித்துச் சிரித்துச் சோர்ந்து கிடக்கும் நேரம். முத்தம் பட்டதும் சாண்ட்லர் விலகிக் கத்திவிடுகிறான்: நீயே ஜெயித்தாய், என்னால் முடியாது, நான் மோனிகாவைக் காதலிக்கிறேன்.

கவனித்துப் பார். அந்த வாக்கியத்துக்காக இசை வரவில்லை, நிலா வரவில்லை. விளையாட்டில் தோற்றவன் ஒப்புக்கொள்ளும் வாக்கியமாகவே அது வெளியே வந்தது. எப்போதும் வேடிக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவனை வேடிக்கையே மூலைக்குத் தள்ளி உண்மையைப் பிடுங்கிவிட்டது. குளியலறைக் கதவு திறந்து மோனிகா வருகிறாள். அவளிடம் அதையே மெதுவாகச் சொல்கிறான். ஃபீபியின் முகம் மாறிவிடுகிறது. ஏதோ சும்மா சுற்றுகிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பிறகு கடைசியில், தான் இப்போது அமைதியாகிவிட்டதாக ராஸ் தன் மேலதிகாரியிடம் காட்டிக்கொண்டிருக்கும்போது, ஜன்னல் வழியாகத் தங்கையையும் நண்பனையும் பார்த்து அலறுகிறான். சிரிப்பு திரும்ப வந்துவிட்டது. ஆனால் அந்தக் காதல் வாக்கியத்தை அது தொடவில்லை.

இதே குணம் சாண்ட்லரைக் கவிழ்க்கவும் பார்த்தது. 2000 மே மாதம் அவன் மோனிகாவிடம் திருமணம் கேட்க நினைக்கிறான். அவள் எதிர்பார்க்கக்கூடாது என்று, கல்யாணமே பிடிக்காதவன்போல நடிக்கிறான். நன்றாக நடித்துத் தொலைக்கிறான். அந்தச் சமயம் பார்த்து அவளுடைய பழைய காதலர் ரிச்சர்ட் வந்து, உன்னை மணக்கிறேன் என்கிறார். வில்லன் யாரும் கிடையாது. சாண்ட்லரின் நடிப்புதான் வில்லன். கடைசியில் மெழுகுவத்தி நிறைந்த அறையில் மோனிகாவே முழங்காலிட்டுக் கேட்க முயன்று, அழுகையில் பேச்சு வராமல் நிற்க, அவனும் முழங்காலிட்டு மீதியைச் சொல்கிறான். ஒரு கிண்டல்கூட இல்லாமல் அவன் அவ்வளவு நேரம் பேசுவதே நம்மை உலுக்கிவிடுகிறது. ஆறு வருஷம் சிரிக்க வைத்தவன் மௌனத்துக்கு உரிமை சம்பாதித்திருந்தான். உன் நாயகன் மூன்றாவது எபிசோடிலேயே அதைக் கேட்கிறான்.

அதே தொடரில் சறுக்கிய இடமும் உண்டு. 2002-ல் ஜோயி தன் காதலை ரேச்சலிடம் சொல்லும் காட்சி எனக்குப் பிடிக்கும். அவனுக்குள் இருந்த வெள்ளை மனசு அப்படியே வெளியே தெரிந்தது. 2003-ல் இருவரையும் ஜோடியாக்கிப் பார்த்தபோது ஒட்டவில்லை. எந்தப் பெண்ணிடமும் கூச்சமில்லாமல் பேசுபவன், சாப்பாட்டைப் பகிராதவன் என்பதெல்லாம்தான் ஜோயியின் சிரிப்பு. அதற்கும் இந்தக் காதலுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. சில எபிசோடுகளிலேயே கைவிட்டார்கள், நல்லவேளை. இன்னொன்று. பருமனாக இருந்த பழைய மோனிகாவைக் காட்டிச் சிரிக்க வைத்ததெல்லாம் இன்று பார்க்கையில் உறுத்துகிறது. உன் இரண்டாவது எபிசோடிலும் உடம்பைக் கேலி செய்யும் வரிகள் இருக்கின்றன. எடுத்துவிடு. ஒருவருடைய உடம்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த காட்சியில் அவரைக் காதலிக்கச் சொன்னால் எனக்கு மனசு வராது.

எல்லோருக்கும் காதல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ‘சைன்ஃபெல்ட்’ எழுதியவர்கள் கட்டித் தழுவல் கூடாது என்பதையே விதியாக வைத்து ஒன்பது சீசன் ஓட்டினார்கள். அது நேர்மையான வழி. ஆனால் நீ காதலை விரும்புகிறவன், அது உன் எழுத்தில் தெரிகிறது. அதனால் நண்பர்களைக் காதலுக்கு வேலை செய்ய விடு. ‘ஃப்ரெண்ட்ஸ்’ கடைசி எபிசோடை அமெரிக்காவில் ஐந்து கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பாரிஸுக்குப் பறக்கப் போகும் ரேச்சலைத் தடுக்க ராஸ் ஓடுகிறான். தாறுமாறாக வண்டி ஓட்டி அவனைத் தப்பான விமான நிலையத்துக்குக் கொண்டு போவது ஃபீபி. பிறகு போனில் ரேச்சலைக் கூப்பிட்டு, விமானத்தில் இல்லவே இல்லாத ஒரு பாகம் பழுது என்று உளறி, பயணிகள் எல்லோரையும் இறங்க வைப்பதும் ஃபீபி. பத்து வருஷமாக அவள் உளறலுக்குச் சிரித்தோம். அந்த உளறல்தான் விமானத்தை நிறுத்தி வைத்தது.

உன் நாயகி சிரிக்கிறாளே தவிர, யாரையும் சிரிக்க வைக்கவில்லை. ஐந்து எபிசோடிலும் அவளுக்கென்று ஒரு நகைச்சுவை வரிகூடக் கிடையாது. மோனிகாவின் போட்டிக்குணம் இல்லாமல் 1999-ன் அந்த விளையாட்டே நடந்திருக்காது. உன் நாயகிக்கு என்ன கோணல்? எதற்குப் பிடிவாதம்? அது தெரிந்தால்தான் அவனுக்கு ஏன் அவளைப் பிடித்தது என்று நமக்கும் தெரியும்.

மூன்றாவது எபிசோடை முதலில் எடு. மொட்டைமாடி இருக்கட்டும், நண்பர்களையும் அங்கே ஏற்று. துணி காயப்போடவோ, சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிப் பிடிக்கவோ, ஏதாவது காரணம் வை. அவன் வழக்கம்போல மேனேஜர் குரலில், வீட்டுக்காரர் குரலில் பேசித் தன் காதலைச் சொல்லப் பார்க்கட்டும். அவள் ஒவ்வொன்றுக்கும் சிரிக்கட்டும். சிரித்துவிட்டு, இதை நீ உன் குரலில் சொல் என்று அவள் கேட்டால் அவன் என்ன செய்வான்? எனக்குத் தெரியவில்லை, நீ எழுது. அவன் அன்று சொல்லாமலே போனாலும் பரவாயில்லை. உனக்கு இன்னும் நிறைய எபிசோடு இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது அச்செடுத்துக் கொண்டு வா. உன் அப்பாவிடம் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

அன்புடன்,
அத்தை