இரு பாம்புக் கோல்

படைக்குக் கொடி உண்டு. படையின் பிரிவுகளுக்குத் தனித்தனிச் சின்னங்களும் உண்டு. அமெரிக்கத் தரைப்படையின் மருத்துவப் பிரிவு, 1902ஆம் ஆண்டில் ஒரு கோலைத் தன் சீருடைச் சின்னமாக ஏற்றது. அக்கோலை இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கின்றன. அதன் தலைப்பில் இரு சிறகுகள் விரிந்துள்ளன.

பண்டைக் கிரேக்கர் மருத்துவத் தெய்வமாகப் போற்றியது அஸ்க்ளிப்பியஸை. அவன் கைக்கோலில் சுற்றியிருப்பது ஒரே பாம்பு, சிறகும் இல்லை. பாம்பு பழைய சட்டையை உரித்துப் புதுமேனி பெறுதலின், அது பிணி நீங்கிய நலத்திற்கு அறிகுறியாயிற்று என்பர். இரு பாம்புக் கோலோ, தேவர்களின் தூதனும் வணிகரின் காவலனுமாகிய ஹெர்மிஸுக்கு உரியது. ஆதலின், மருத்துவர்க்கு இச்சின்னம் பொருந்தாது என்று அறிஞர் பலர் குறை கூறுவர்.

எனினும், இக்கோலுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. கிரேக்க நாட்டுத் தூதுவர் கோலேந்திப் பகைவரிடையே சென்றனர். அவர்க்கு ஊறு செய்தல் பெரும்பழி எனப்பட்டது. போர்க்களத்து மருத்துவரும் அத்தகையரே. அவர் கொல்ல வந்தவர் அல்லர், காக்க வந்தவர். போரில் புண்பட்டோர்க்கு மருத்துவம் செய்வோரைத் தாக்கலாகாது என்று 1864ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கை விதித்தது. வீழ்ந்தவன் எந்நாட்டு வீரனாயினும் அவனைப் பேணுதல் வேண்டும் என்றும் அது பணித்தது.

இவ்விரு நெறிகளும் போற்றப்படுமாயின், பாம்பு ஒன்றாயினும் இரண்டாயினும் சின்னம் சிறக்கும். அவை கைவிடப்படின், அது வெறும் உலோகத் துண்டே ஆகும்.