பழைய மென்பொருளுக்கு மறுவாழ்வு



1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில்தான் எங்க அப்பா வேலை செய்கிறார். அங்குள்ள சி.என்.சி. மெஷினுக்குக் கட்டளை அனுப்பும் மென்பொருள் டாஸ் காலத்தது. போன மாதம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு. மெஷின் நல்லா இருந்தும் வேலை நின்னுபோச்சு. புதுக் கம்ப்யூட்டரின் 64 பிட் விண்டோஸில் டாஸ் மென்பொருள் ஓடாது.

எமுலேட்டர் என்றால் என்ன?

பழைய கம்ப்யூட்டர் போலவே நடிக்கும் மென்பொருள். 2002-ல் வந்த டாஸ்பாக்ஸ் அப்படிப்பட்டது. இலவசம். முக்கியமாக டாஸ் விளையாட்டுகளுக்காக எழுதியது.

அப்பா எப்படிச் சரிசெய்தார்?

1. பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து மென்பொருளை நகல் எடுத்தார்.

2. மெஷின் கேபிளுக்கு 9 முள் சீரியல் போர்ட் வேண்டும். புதுசில் இல்லை. யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வாங்கி மாட்டி, அந்தப் போர்ட்டின் பெயரை டாஸ்பாக்ஸ் செட்டிங்கில் எழுதினார்.

3. வேகத்தை அதிகமாக வைத்தார். மெஷினிடமிருந்து பதில் இல்லை என்று திரையில் வந்தது!

ஏன்? சில பழைய மென்பொருள்கள் எண்ணிக்கொண்டே காத்திருக்கும். கண்ணாமூச்சியில் வேகமா எண்ணினால் ஒளிய நேரம் கிடைக்குமா? அதேதான். கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்தி வேகத்தைக் குறைத்தார். பதில் வந்தது!

4. தவறான கட்டளை போனால் ஆபத்து. அதனால் இரும்பு மாட்டாமல் முதலில் சும்மா ஓட்டிப் பார்த்தார்.

இப்போ பட்டறை ஓடுகிறது. அப்பாவுக்கு வேலையும் இருக்கு.

கெட்டுப்போகும் முன்பே நகல் எடுத்து வையுங்கள்.